பூட்டுப் பலகை

"ஹலோ... ஹலோ, சொல்லுங்ண்ணா... ஆமாங், ஆமாங், கேக்குது... கீழ மிஷின் ஓடுதுங்ண்ணா, அந்தச் சத்தம்... என்னது, கிளம்பி வந்துட்டீங்களா!"

பூச்சு முடியாத புது மாடியில் நின்றிருந்த அமுதவல்லி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அண்ணன் மாதேஷ் நாளைக்கு வருவதாகத்தான் பேச்சு. கூப்பிட்ட கல்யாணத்துக்கே பந்தி முடிந்து வருகிற மனுஷன், இன்றைக்கென்று பார்த்து முந்திக்கொண்டார்.

"குட்டியானை லோடு வண்டியா? எதுக்குங் அத்தனை பெரிய வண்டி, பஸ்ஸுல வந்தா... ஓ... பலகையக் கொண்டாரீங்களா... சரிங்... எண்ணெய் போட்டுத் தேச்சீங்களா... ஆமாங், மின்னும், மின்னும்... அதுக்குள்ள பஸ் ஸ்டாண்டே வந்தாச்சா..."

திருச்செங்கோட்டுக் கடைவீதியில் அவர்கள் அப்பா நடத்திய கயிற்றுக் கடைக்கு ஷட்டர் கிடையாது. பதினோரு தேக்குப் பலகைகள்தான் கதவு. ஒவ்வொன்றின் உட்புறமும் உளியால் வெட்டிய எண் இருக்கும். அந்த வரிசையில் இறக்கினால்தான் கடை மூடும். கடைசிப் பலகையில் பூட்டுத் துளை. வாசலில் நாலு மரத்தூண், மேலே பூவேலை செய்த விட்டம். தெருவில் அப்படி மிஞ்சிய முகப்பு அது ஒன்றுதான்.

கடையை எடுத்துவிட்டு அடுக்கு வீடு கட்டலாம் என்று பில்டர் வந்தபோது, மாதேஷ் முடியவே முடியாது என்றார். அமுதவல்லி லைன் வீட்டில் ஒற்றை அறையில், வயசுக்கு வந்த இரண்டு பெண்களையும் மாமியாரையும் வைத்துக்கொண்டு பொதுக் குழாயில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். தூணைக் கட்டிக்கொண்டு தூங்க முடியுமா? முகப்பு அப்படியே நிற்கும், பின்னாலும் மேலேயும் வீடு வரும், பலகைக்கு நான் பொறுப்பு என்று அவள் வாக்குக் கொடுத்தாள். அதை நம்பித்தான் அண்ணன் கையெழுத்துப் போட்டார். பத்துப் பலகைகளை அவளிடம் விட்டுவிட்டு, பூட்டுப் பலகையை மட்டும் தான் குடியிருக்கும் மல்லசமுத்திரத்துக்கு எடுத்துப்போனார். அது இல்லாமல் எவனும் கடையை மூடிவிட முடியாதாம்.

"தூணா?... நிக்குதுங்ண்ணா... நாலும்... இல்லீங், ரெண்டு... காரு உள்ள வர வழி உட்டாத்தான் பிளான் பாஸாகுமாம். அதுக்காவ ரெண்ட எடுத்துட்டாங்க... சொல்லலாம்னுதான் இருந்தேன்... அண்ணா, வண்டியக் கொஞ்சம் ஓரமா நிறுத்தச் சொல்லுங்க... இல்லீங், யாருக்கும் ஒண்ணுமில்லீங். புள்ளைக நல்லாருக்குதுங்க. பலகைங்ண்ணா..."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். அவளுக்கு இந்த நிமிஷம் உள்ளேயும் இடித்தது.

"ஆமாங், பத்திரமா இருக்குதுன்னு நாந்தான் சொன்னேன். வாராவாரம் வந்து பாத்தனுங்ண்ணா. இங்கயே ஓரமா அடுக்கித் தார்பாய் போட்டு மூடுனது மூடுனாப்லயே இருந்துச்சு. காலைல தூக்கிப் பாத்தா அடில சிமெண்ட் மூட்டைங்... ஐயோ, திருட்டுப் போகலீங்... விக்கவும் இல்லீங்... சென்ட்ரிங் ஆளுக எடுத்து அடிச்சுட்டாங்ண்ணா. இந்த மாடிக்குக் கான்கிரீட் போடறப்ப, அடில தாங்கறதுக்குப் பலகை பத்தலையாம். கௌசிக்கு, அந்த இஞ்சினியரு தம்பி, அன்னிக்கு ஊருல இல்ல... தேக்குன்னு தெரியாதான்னு கேக்கறீங்களா? தெரியாதாம். அவங்களுக்குப் பலகைன்னாப் பலகை... அளவுக்கு அறுத்துட்டாங்க... மிச்சத்தப் போட்டு டீ காய வெச்சுருக்கறாங்க..."

போனைக் காதிலிருந்து எடுத்து, லைன் இருக்கிறதா என்று பார்த்தாள்.

"அண்ணா?... இருக்கறீங்களா?... நம்முளுதுதானான்னா... நம்முளுதேதானுங். சென்ட்ரிங்கப் பிரிச்சதும் மேல பாத்தேன், நம்பரு தெரியுதுங்ண்ணா. கான்கிரீட்டுல அப்புடியே புடைச்சுட்டு நிக்குது, கண்ணாடில பாக்கறாப்ல திரும்பி... ஆமாங், எனக்குக் குடுத்த ஊட்டுலதான்... படிக்கோணுமா? எதுக்குங்ண்ணா... சரிங், சரிங், படிக்கறேன்."

கழுத்தை நிமிர்த்தினாள். அவளுக்கென்று வந்த முதல் கூரை. ஆசை தீர அண்ணாந்து பார்க்கக்கூட இல்லை, அதற்குள் இப்படி.

"மூணு. பக்கத்துல ஒம்பது... வரிசையில்லீங், கண்டமேனிக்குக் கெடக்குது. ஏழு, பாதிதான். ரெண்டு... சமையக்கட்டுப் பக்கம் ஒண்ணு... ஆறு, அஞ்சு... எட்டு, நாலு... பத்து. அவ்வளவுதாங்ண்ணா. அப்புறம் உங்ககிட்ட இருக்கறதுதான்."

அவர் என்ன கேட்டாரோ, அவளுக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

"பூசாம உட முடியாதுங்ண்ணா. நாளைக்குப் பூச்சு வேலை... எம்பட ஊடுதான், நாஞ் சொன்னாக் கேப்பாங்கதான். ஆனா... மொட்டைக் கான்கிரீட்டு அடில எத்தனை நாளைக்குங்... இத்தனை வருசம் தகரத்துக்கு அடில கெடந்தவங்ண்ணா நானு. எனக்கும் ஒரு ஊடு வேணுமுங்ண்ணா, ஊடாட்ட ஒரு ஊடு... அழுகலீங்... நீங்க அழுகாதீங்க மொதல்ல..."

அப்பா செத்தபோதுகூட அண்ணன் அழுது அவள் கேட்டதில்லை. இனி என்ன சொன்னாலும் ஆகப்போவதில்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"என்னதுங்?... மூணாவது மாடிக்கும் பலகை பத்தலைன்னா இதையும் அறுத்து அடிச்சுக்கறதா... அண்ணா, அப்புடியெல்லாம் பேசாதீங்க... ஏனுங்ண்ணா எறங்கறீங்க?... பஸ்ஸு ஏறப் போறீங்களா? வண்டி மட்டும் வந்து நான் என்ன பண்றது?... வந்து பாருங்ண்ணா, ஒருக்கா ஊட்டையாச்சும் பாருங்க... பால் காய்ச்சறதுக்கு நீங்க இல்லாம எப்புடி... தப்புத்தாங்ண்ணா, நான் இல்லீங்கல... அண்ணா... ஹலோ... ஹலோ..."

திரும்ப அடித்தாள். எடுக்கவில்லை. இன்னொரு தரம் அடிப்பதற்குள் கீழே குட்டியானை ஹாரன் அடித்தது. சென்ட்ரிங் ஆள் ஒருவன் வாசலில் நின்று மேலே பார்த்துக் கத்தினான்.

"அக்கா, பலகை ஒண்ணு வந்துருக்குது. எந்த மாடிக்கு ஏத்தறதுங்க?"