வியாழக்கிழமைக்குள்ள ஒரு பாட்டு

இல்லண்ணே, திருப்பிக் குடுக்க வரல, மாத்திக்கிட்டுப் போக வந்திருக்கேன். போன சனிக்கிழமை இதே இடத்துல நின்னு, புதுசாக் கத்துக்கறவங்களுக்கு குட்டிக் கிட்டார் மாதிரி நாலு கம்பி வெச்ச இந்தச் சின்ன சைஸ் யுகுலேலேதான் தோதுன்னு நீங்கதானே எடுத்துக் குடுத்தீங்க? என்ன தோது? என் விரலப் பாருங்க. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல பதினோரு வருஷமா ஈரப் போர்வையோட மல்லுக்கட்டின கை. இந்தக் குட்டிக் கட்டத்துக்குள்ள ஒரு கம்பிய அழுத்தினா பக்கத்துக் கம்பியும் சேந்து அமுங்குது. டிங்குன்னு வரவேண்டியது டொக்குங்குது.

ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதைன்னு நெனைக்காதீங்க. சரி, பாதி அந்தக் கதைதான். மீதி உங்க தப்பு.

எதை யாரு திருகினது? ஓ, மேல் கம்பியா? என் தம்பி. அவன் கிட்டார் வாசிக்கறவன், எங்க வீட்டு மேதை. கிட்டார்ல மேல் கம்பிதான் கனமா உறுமும், இது கீச்சுங்குதே, கடைக்காரன் உன்ன ஏமாத்திட்டான்க்கான்னு சொல்லி, இறக்கு இறக்குன்னு இறக்கி, துணி காயப்போடற கொடி மாதிரி ஆக்கிட்டான். அந்தத் தொளதொளத்த கம்பிய வெச்சுக்கிட்டு ரெண்டு நாள் தலையால தண்ணி குடிச்சேன்.

என்னது, இதுக்கு மேல் கம்பி கீச்சுன்னுதான் இருக்கணுமா? அடப்பாவமே! இத அன்னிக்கே ஒரு வார்த்தை சொன்னா உங்க வாயில இருக்கற முத்தா உதிர்ந்துடும்? அவன் வீட்டுக்கு வரட்டும், இருக்கு அவனுக்கு.

அதோட, காலையில சுருதி சேத்தா சாயங்காலம் இறங்கிப்போகுது. எங்க வீட்டுக்காரர் முதல்ல ஆன்லைன்ல ஒண்ணு வரவழைச்சாரு, நீலக் கலர்ல டால்பின் படம் போட்டு. அது திருகின நிமிஷமே வழுக்கிச்சு. இப்ப எம் பொண்ணு அதுல பொம்மையப் படுக்க வெச்சுத் தாலாட்டுறா. சரி, அது பொம்மை. இது கடைச் சரக்குதானே? புதுக் கம்பி இழுபடுமா? ரெண்டு வாரம் அப்படித்தான் இருக்குமா? நல்லா இருக்கே நியாயம்!

மூணு மாசம் பழகினா விரல் தானாப் படியும்ங்கறீங்க. படியட்டும், யாரு வேணாம்னா? எனக்கு இந்த வியாழக்கிழமை வரைக்கும்தான் நேரம். அதுக்குள்ள ஒரே ஒரு பாட்டு வரணும், எம் பொண்ணத் தூங்கவைக்கிற பாட்டு. ரெண்டு வயசு ஆகுது, பிடிவாதத்துல அப்படியே என்னை உரிச்சு வெச்சிருக்கா. அந்தப் பாட்டு இல்லன்னா கண்ண மூடமாட்டா.

வீடியோ பாத்தா? எந்த வீடியோவுல இருக்கும்? அது நானே இட்டுக்கட்டினது. ஒத்தைக் காலுறையக் காணோம், ஒளிஞ்சவ எங்கே காணோம்னு போகும். சிரிங்க, சிரிங்க. வேலையில துணி பிரிக்கும்போது வந்த பாட்டு, வேற எப்படி இருக்கும்?

போன்ல பதிஞ்சு போட்டுக் காட்டலாமேங்கறீங்களா? எங்க வீட்டுக்காரரும் இதையேதான் சொன்னாரு. போட்டுப் பாத்தாச்சுண்ணே. நான் அவ எதிர்ல வாய மூடிட்டு உக்காந்திருந்தேன், போன் பாடுது. அவ போனத் திருப்பித் திருப்பிப் பாத்தா. அப்புறம் எழுந்து, என்னைத் தாண்டிப் போயி, சமையலறையில அம்மா அம்மான்னு தேடுறா. நான் இங்கயே இருக்கேன், என்னைத் தாண்டிப் போறா. அதனாலதான் இது வேணும். சத்தம் என் கையிலேர்ந்து வர்றத அவ கண்ணால பாக்கணும்.

நான் ஏன் வாய மூடிட்டு உக்காரணுமா? ஒத்திகைண்ணே. வியாழக்கிழமை எனக்குத் தொண்டையில ஆபரேஷன். குரல்பெட்டிய முழுசா எடுத்துடறாங்க. இந்தக் கரகரப்பு உங்களுக்கே கேட்டிருக்குமே. மெஷின் சத்தத்துக்கு மேல கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கிச்சுன்னு ஏழு மாசம் வெந்நீரக் குடிச்சிட்டுத் திரிஞ்சேன். எங்க கூடத்துல எல்லாருக்குமே இந்தக் குரல்தான், எவளுக்குச் சந்தேகம் வரும்? ஆபரேஷனுக்கு அப்புறம் வேற விதமாப் பேசக் கத்துத் தருவாங்களாம். பாட்டு மட்டும் வராதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க.

ஐயய்ய, அப்படிப் பாக்காதீங்கண்ணே, எனக்கும் அழுகை வந்துரும். அழுதுட்டு நிக்க நேரமில்ல. இந்தப் புதுசெல்லாம் உள்ள வைங்க. அந்தச் சுவத்துல மாட்டி, வர்றவங்க போறவங்கல்லாம் தட்டிப் பாக்குறாங்களே, அந்தப் பெரிய சைஸக் குடுங்க. கீறல் விழுந்தா விழுந்துட்டுப் போகுது, அதுல கம்பி இழுபட்டு முடிஞ்சிருக்கும்ல? கட்டமும் அகலமா இருக்கு. அதான் எனக்குச் சரி.

ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கங்க. நான் மெதுவாப் பாடுறேன், எந்தக் கம்பி, எந்தக் கட்டம்னு நீங்க எழுதிக் குடுங்க. தப்பாப் போனா கூச்சப்படாமத் திரும்பக் கேளுங்க. இன்னும் அஞ்சு நாளைக்கு எத்தனை தடவை கேட்டாலும் பாடுவேன்.