ஹார்லன் போதகர் எழுதிய ஆறுதல்

ஒனிஹங்காவில் எங்கள் தமிழ்ச் சபை இருக்கும் தெருவுக்கு ஞாயிறு காலை பத்து மணிக்குப் போனால் கார் நிறுத்த இடம் கிடைக்காது. அதனால் நான் எட்டு மணிக்கே சபைக்குப் போய்விடுவேன். கதவைத் திறப்பது, தபால்பெட்டியைப் பார்ப்பது எல்லாம் போதகரான என் வேலைதான்.

அமெரிக்கப் போதகர் ஹார்லனைப் பற்றிக் கேட்டீர்கள். நூற்றைம்பது வருடத்துக்கு முன் அவர்களுடைய உள்நாட்டுப் போரில் படையோடு போனவர். குண்டு விழும்போதும் காயக்காரரை விட்டு நகராதவர். செத்த சிப்பாய்களின் வீட்டுக்கு அவரே கடிதம் எழுதுவார். 2010இல் அவர் சரித்திரத்தை வாராவாரம் தமிழில் சொன்னேன். சனம் அழுதது. வன்னிப் போரிலிருந்து வந்த என்னையும் அப்படி ஒருவராகவே நினைத்தார்கள். நான் மறுக்கவில்லை.

அப்போதுதான் எங்கள் சபைக்கு வரும் ரதிதேவி வந்து கேட்டாள். "பாஸ்டர், என்ர மனுசனைக் கடைசியா எங்கயாவது கண்டனீங்களோ?"

கண்டேன். போரின் கடைசி நாட்களில், வன்னிக் கரையில், காயக்காரரை ஏற்றும் கப்பலில் ஓர் இடம்தான் மிச்சம் இருந்தது. அவள் கணவன் சோதிலிங்கம், வன்னியில் என் சபைக்காரன், வயிறு கிழிந்த தங்கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். நான் நல்ல காலில் கட்டுப் போட்டுக்கொண்டு முந்தி ஏறிவிட்டேன். தங்கை கரையிலேயே இறந்தாளாம்.

"போங்கோ பாஸ்டர். நான் உயிரோட வந்தா சனத்துக்குச் சொல்லுவன்" என்றான். கத்தவில்லை. அந்த நிதானத்துக்காகவே அவனை இன்றும் வெறுக்கிறேன். ஓர் ஊழியக்காரனை அப்படிப் பார்க்க அவன் யார்?

ஹார்லன் தாய்மாருக்கு எழுதிய வரிகளையே ரதிதேவிக்குச் சொன்னேன். "ஓம் தங்கச்சி. என்ர மடியிலதான் போனவர். நோகேல்லை. உங்கட பேரைத்தான் சொன்னவர்."

போதகர் சொன்ன சாவுக்கு எங்கள் சபையில் யாரும் அத்தாட்சி கேட்பதில்லை. நினைவு ஆராதனை வைத்தோம், நானே ஜெபித்தேன். அவள் கணவனுக்காகப் போட்டிருந்த விசா விண்ணப்பத்தை மீளப் பெற்றுக்கொண்டு மனுரேவாவுக்கு வீடு மாறினாள்.

பிறகு ஒரு தடுப்பு முகாமிலிருந்து அவளுக்கு அவனுடைய கடிதங்கள் வந்தன. அவளுடைய புது வீடு அவனுக்குத் தெரியாது, சபையின் முகவரி மட்டுமே தெரியும். மனைவி இங்கே இருப்பதற்கு ஓர் உறுதிக் கடிதம் வந்தால் விட்டுவிடுவார்களாம். மூன்றைக் கிழித்தேன். நாலாவதற்குச் சபை முத்திரையோடு முகாமுக்கே பதில் அனுப்பினேன். அப்படியொரு குடும்பம் இங்கே இல்லை என்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். எனக்கு முடிந்தது.

போன மாதம் அவன் முகாமிலேயே காய்ச்சலில் இறந்தான். கூட இருந்தவன் விடுதலையாகி ரதிதேவியைத் தேடிப்பிடித்து, என் பதிலையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறான். அவள் என்னிடம் வராமல் நேரே போலீஸ் என்று உங்களிடம் வந்துவிட்டாள். அதுதான் எனக்கு மனவருத்தம்.

எழுதிக்கொள்ளுங்கள். அவனை வெளியே வரவிடாமல் செய்தது நான்தான். தெரிந்தே செய்தேன். ஆனால் பொய் சொன்னேன் என்று மட்டும் எழுத வேண்டாம். அவன் செத்துப்போனான் என்றேன், செத்துத்தான் போனான். மூன்று வருடம் முந்திச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.