வாளி வேந்தர் கணீரின் குரல்

இறந்துபோன ஒரு மனிதரின் குரலை எடுத்து, உயிரோடிருந்தபோது அவர் சொல்ல மறுத்த பொய்யை அந்தக் குரலாலேயே சொல்ல வைத்திருக்கிறார்கள். கணீர் கண்மூடி ஒரு மாதம்கூட ஆகவில்லை. போன வாரத்திலிருந்து தொலைக்காட்சியில் அவர் குரல் பேசுகிறது. "ஏழே நாளில் அடர்த்தியான கூந்தல்!" என்கிறது. அது அவர் பேசியது அல்ல. அவருடைய பழைய ஒலிப்பதிவுகளைக் கணினிக்குக் கொடுத்து, கணினியை அவரைப் போலப் பேச வைத்திருக்கிறது ஒரு கூந்தல் தைல நிறுவனம். இதற்குப் பெயர் திருட்டு. இதைச் சொல்லிவிட்டுத்தான் வணக்கம் சொல்வது என்று முடிவு செய்துகொண்டு இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்தேன்.

இப்போது வணக்கம். குரல் கலைஞர் சங்கத் தலைவர் அவர்களே, கணீரின் துணைவியாரும் எனக்குத் தங்கை முறையுமான தையற்கடை அம்மா அவர்களே, எங்கள் படங்களையெல்லாம் வெட்டி ஒட்டிய 'கத்திரி' தம்பி அவர்களே, நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கும் நண்பர்களே! இரண்டாவது வரிசையில் அமர்ந்திருக்கும் தைல நிறுவனத்தின் விளம்பர மேலாளர் அவர்களே, உங்களுக்கும் வணக்கம். எழுந்து போய்விடாதீர்கள்.

நான் மேடை ஏறும்போது தலைவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பெரியவரே, இன்னைக்கு அந்தப் பேச்சு வேண்டாமே. நாலு நல்ல வார்த்தை சொல்லிட்டு இறங்கிடுங்க" என்றார்.

"நல்ல வார்த்தைதான் தலைவரே சொல்லப் போறேன். யாருக்கு நல்லதுன்னு கேட்காதீங்க" என்றேன்.

யார் இந்தக் கணீர்? அவர் பெற்றோர் வைத்த பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. வாயைத் திறந்தால் கணீரென்று இருக்கும், அதுவே பெயராகிவிட்டது. சோப்பு, பற்பசை, மூட்டுவலித் தைலம், வீட்டு மனை, எல்லாவற்றுக்கும் பல வருடம் விளம்பரக் குரல் கொடுத்தவர். இதே கூந்தல் தைலத்துக்கும் கொடுத்தவர். ஏன் விட்டார்? ஒரு நாள் பேருந்தில் சில்லறை கேட்டிருக்கிறார். முன் இருக்கையில் இருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்து, "நீங்கதானே அந்தத் தைலக்காரர்? உங்க பேச்சை நம்பித்தான் அண்ணா வாங்கினேன்" என்று சொல்லி, தலையில் சுற்றியிருந்த துணியைச் சற்றே விலக்கிக் காட்டியிருக்கிறாள். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன் என்று கணீர் என்னிடம் சொன்னார்.

அடுத்த முறை நிறுவனத்திலிருந்து கூப்பிட்டபோது போனார். எழுதிக் கொடுத்ததைப் படித்துப் பார்த்தார். "சார், கொஞ்சம் மாத்திக்கலாமா? 'தலையில் தேய்த்தால் தலை எண்ணெயாகும்'னு சொல்றேன். அது எனக்கு உறுதியாத் தெரியும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. எழுந்து வந்துவிட்டார்.

அங்கேதான் நண்பர்களே, எங்கள் கேலி விளம்பரப் பட வேலை தொடங்கியது!

இணையத்தில் விளம்பரத்தைக் கேலி செய்யாதவர் யார்? எத்தனையோ பேர் செய்கிறார்கள். விளம்பரம் ஒரு பொய் சொன்னால் இவர்கள் பத்துப் பொய் சொல்லிச் சிரிக்க வைப்பார்கள். கணீர் அதைச் செய்யவில்லை. அதே இடி, அதே மின்னல், அதே காற்றில் பறக்கும் துணி, அதே வெள்ளைக் கோட்டு. ஆனால் சொல்வதில் ஒரு எழுத்துப் பொய் இருக்காது. பொய்யை எடுத்துவிட்டால் அந்த ஆர்ப்பாட்டத்தில் என்ன மிஞ்சுகிறது என்று காட்டினார். அதுதான் அவர் கண்டுபிடித்த கேலி! அதற்கு முன் வேறு யாராவது செய்திருந்தால் என்னிடம் வந்து சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

டயர் கடையின் மாடியில் ஓர் அறை. சுவரெல்லாம் பழைய மெத்தைகளை நிறுத்திவைத்திருந்தோம், எதிரொலி வராமலிருக்க. கீழே காற்றடிக்கும் மோட்டார் ஓடினால் ஒலிப்பதிவு நிற்கும். ரேடியோ பழுது பார்த்தே ஒலியைக் கற்றுக்கொண்ட நான்தான் ஒலிப்பதிவு. அந்த அறையில் எடுத்த முதல் படம் வாளி. சாதாரண பிளாஸ்டிக் வாளி. புகை எழும்புகிறது, மேளம் முழங்குகிறது, தங்கச்சி, அதாவது கணீரின் துணைவியார், வெள்ளைக் கோட்டுடன் வந்து வாளியைப் பூதக்கண்ணாடியால் பார்த்து, மெல்லத் தலையசைக்கிறாள். கணீர் முழங்குகிறார்: "ஊற்றினால் நிற்கும்! கவிழ்த்தால் கொட்டும்! ஆய்வில் நிரூபிக்கப்பட்டது, இது ஒரு வாளி!"

பார்த்தவர்கள் அவருக்கு 'வாளி வேந்தர்' என்று பட்டம் கொடுத்தார்கள். எந்தச் சங்கமும் கொடுக்காத பட்டம். ஒரு கணவன் மனைவி டயர் கடையைத் தேடிக்கொண்டே வந்துவிட்டார்கள்.

"அந்த வாளி கிடைக்குமாங்க?"

"எந்தப் பாத்திரக் கடையிலயும் கிடைக்குமேம்மா" என்றார் கணீர்.

"அது இல்லைங்க. நீங்க காட்டின அந்த ஒரிஜினல்."

"உங்க வீட்டுல இருக்கறதும் ஒரிஜினல்தாம்மா. ஊத்திப் பாருங்க, நிக்கும்."

அந்த அம்மாள் கணவரைப் பார்த்து, "நான் அப்பவே சொன்னேன்ல, நம்ம வாளியும் நல்ல வாளின்னு" என்றாள். கணீர் அதை எந்த விருதையும் விடப் பெரிதாக நினைத்தார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அவர் வைத்த சட்டம் ஒன்று உண்டு. சொல்லப்போவதை முதலில் செய்து பார்க்க வேண்டும். கால்மிதியைப் பற்றிப் படம் எடுத்த நாள் எனக்கு மறக்காது. "ஒரே மிதி! அழுக்கு ஓடிப்போகும்!" என்று கத்திரி எழுதியிருந்தான். விளக்கெல்லாம் போட்டாகிவிட்டது. கணீர் கீழே போய், டயர் கழுவும் இடத்துச் சேற்றில் காலை விட்டு, மாடியேறி வந்து கால்மிதியில் ஒரு மிதி மிதித்தார். பாதத்தில் சேறு அப்படியே இருந்தது.

"அண்ணே, இது கேலிப் படம்ண்ணே! யார் கேட்கப் போறா?" என்றான் கத்திரி.

"அவங்களும் இதையேதான்டா சொல்லிக்கிறாங்க, யார் கேட்கப் போறான்னு."

அன்றைக்கு வேலை நின்றது. தேய்த்தார், தேய்த்தார், தேய்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் மைக்கின் முன் வந்து, போர்முரசு கொட்டும் குரலில் சொன்னார்: "திரும்பத் திரும்பத் தேய்த்தால்... ஓரளவு போகும்!" அந்த 'ஓரளவு' எங்கெல்லாம் போயிற்று என்று உங்களுக்கே தெரியும். பரீட்சை எப்படி எழுதினாய் என்றால் "ஓரளவு!" என்று இடிமுழக்கம் செய்யாத பிள்ளை உண்டா? மாப்பிள்ளை எப்படி என்று கேட்டதற்கு மணப்பெண்ணே அப்படிச் சொன்னதாகவும் கேள்வி.

பிறகுதான் கூந்தல் தைலத்தை எடுத்தார். "தலை எண்ணெயாகும்! தலையணையும் எண்ணெயாகும்!" நிறுவனம் புகார் கொடுத்தது, படம் இணையத்திலிருந்து நீக்கப்பட்டது. கணீர் பயந்தாரா? மன்னிப்புக் கேட்டாரா? ஒரே ஒரு கேள்வி எழுதி அனுப்பினார்: நான் சொன்னதில் எந்த வாக்கியம் பொய்? அவர்களால் ஒன்றைக்கூடக் காட்ட முடியவில்லை. படம் திரும்பி வந்தது! எங்கள் அறையில் அன்று ஒருவரும் ஆடவில்லை, கத்தவில்லை. தங்கச்சி வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து, எங்களையெல்லாம் பூதக்கண்ணாடியால் பார்த்துத் தலையசைத்தாள். அவ்வளவுதான்.

அந்த வருடம் அவருக்கு விருது தருவதாக இந்தச் சங்கம் சொன்னது. பிறகு, விளம்பரதாரர்கள் மனம் நோகும் என்று தள்ளிவைத்தது. தள்ளிவைத்தது தள்ளிவைத்தபடியே இருக்கிறது. தலைவர் என்னை முறைக்க வேண்டாம். நான் சொல்வதில் எந்த வாக்கியம் பொய்?

இப்படிப்பட்டவரின் குரலைத்தான் இன்று வேலைக்கு வைத்திருக்கிறார்கள். உயிரோடு இருந்தபோது மடக்க முடியாதவரை, செத்த பிறகு மடக்கிவிட்டார்களாம்! முந்தாநாள் மேலாளர் அவர்கள் தங்கச்சியின் வீட்டுக்குப் போயிருக்கிறார். பழைய ஒப்பந்தப்படி ஒலிப்பதிவெல்லாம் எங்கள் நிறுவனத்துடையதுதான், ஆனாலும் மரியாதைக்காக நீங்கள் ஒரு கையெழுத்துப் போட்டுவிடுங்கள் என்று கேட்டிருக்கிறார். "அவர் குரல் என்னைக்கும் வாழும்மா" என்று ஆறுதலும் சொல்லியிருக்கிறார்.

தையல் இயந்திரத்திலிருந்து தலை நிமிராமலே அவள் சொன்ன பதில் இது: "வாழட்டும் சார். ஆனா அவர் விட்ட வேலைக்கு நான் அவரைத் திருப்பி அனுப்ப மாட்டேன்."

கணீருக்கு இதைவிடப் பெரிய இரங்கல் உரை உண்டா? நான் பேசாமல் இறங்கிவிடலாம். ஆனால் அழுதுவிட்டுக் கலைவதற்கு நான் வரவில்லை. ஆகவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

மேலாளர் அவர்களே, அந்த விளம்பரத்தை நிறுத்த வேண்டியது உங்கள் நிறுவனம். நிறுத்தினால் மட்டும் போதாது. அது எத்தனை முறை ஒலித்ததோ அத்தனை முறை, அதே நேரத்தில், 'இது கணீர் பேசியது அல்ல' என்று நீங்களே அறிவிக்க வேண்டும். நீங்கள் கொண்டுவந்த மலர்வளையத்தில் தைலத்தின் பெயரைத் தங்க எழுத்தில் ஒட்டியிருக்கிறீர்கள். போகும்போது அந்த அட்டையை மட்டும் கழற்றிக்கொண்டு போங்கள். பூ இருக்கட்டும்.

தலைவர் அவர்களே, நாளைக்கே சங்கத்தின் பெயரால் கடிதம் எழுத வேண்டியவர் நீங்கள். ஒரு விளம்பரத்துக்குக் கொடுத்த குரல் அந்த விளம்பரத்துக்கு மட்டும்தான் என்று இனி எல்லா ஒப்பந்தத்திலும் ஒரு வரி சேர்க்க வைக்க வேண்டியவரும் நீங்கள். மனம் நோகட்டும், பரவாயில்லை.

குரல் கொடுத்துப் பிழைக்கும் தம்பிகளே, தங்கைகளே, அந்த வரி இல்லாத தாளில் நீங்கள் கையெழுத்துப் போடக் கூடாது. பழைய ஒப்பந்தங்களையும் எடுத்துப் படித்துப் பாருங்கள். கணீருக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும்.

கத்திரி, எல்லாப் படத்தையும் பல இடங்களில் பத்திரப்படுத்த வேண்டியது நீ. ஒரு இடத்தில் நீக்கினால் இன்னொரு இடத்தில் இருக்க வேண்டும்.

இங்கே கூடியிருக்கும் நீங்கள் ஒவ்வொருவரும், அந்தத் தைலக் குரல் எங்கே கேட்டாலும், கடையோ, சலூனோ, சம்பந்தி வீடோ, பக்கத்தில் இருப்பவரிடம் 'இது அவர் இல்லை' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒன்று. கணீர் எழுதி வைத்து, எடுக்காமல் போன படம் ஊக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுக்கிறோம். டயர் கடைக்காரர் எடுத்து முடிக்கும்வரை மோட்டாரை ஓட்டக் கூடாது. கத்திரி புகை போட வேண்டும். ஊக்கு குத்தும் என்று எழுதியிருக்கிறது, தலைவர் வந்து விரலை நீட்டிச் சோதித்துக் கொடுக்க வேண்டும். குரல் தங்கச்சியுடையது. என் குரலுக்கு அவ்வளவு சத்தம் வராது அண்ணா என்றாள். வர வேண்டாம் தங்கச்சி, நீ எப்போதும் பேசுகிற மாதிரியே பேசு. மைக்கைப் பக்கத்தில் நகர்த்தி வைப்பது என் வேலை.