நாலு புள்ளி எட்டு

— நாலு புள்ளி எட்டுன்னா பெயிலா சார்?

— இது பரீட்சை இல்லம்மா. முதல்ல உட்காரு.

— உட்கார நேரமில்ல சார். பன்னெண்டு மணிக்குள்ள பேக்டரியில இந்த ரிப்போர்ட்டைக் குடுக்கணும். ரத்த அளவு பதினொண்ணுக்கு மேல இருந்தாத்தான் வேலைன்னுட்டாங்க.

— வேலை கெடக்கு. ஹீமோகுளோபின்னா என்ன தெரியுமா? நீ இழுக்கிற மூச்சை உடம்பு பூராக் கொண்டுபோய்ச் சேர்க்கிறதே அதுதான். பொம்பளைங்களுக்குப் பன்னெண்டாவது இருக்கணும். உனக்கு அதுல பாதிகூட இல்ல. இருதயம் ஒண்டியா ரெண்டாள் வேலை பார்த்துட்டிருக்கு. எப்ப வேணா சுருண்டு விழுந்துடுவ.

— மெஷின் தப்பாக் காட்டியிருக்கும் சார்.

— ரெண்டு தடவை போட்டுப் பார்த்தாச்சு. தலை சுத்துதா? நெஞ்சு படபடங்குதா?

— அதெல்லாம் ஒண்ணுமில்ல.

— ஐஸ்கட்டி கடிக்கணும்னு தோணுமா?

— ஐஸா? அத ஏன் சார் கேக்கறீங்க?

— ரத்தம் கொறைஞ்சா சிலபேர் அதைத்தான் கடகடன்னு கடிப்பாங்க. ஏன் முகம் மாறுது? சரி, கண்ணைக் காட்டு. கீழ் இமையை இழு. என்னம்மா இது, நல்லாச் செவப்பா இருக்கே! வெளுத்துக் கெடக்கணுமே. விரலை நீட்டு, ஒரு சொட்டு எடுக்கறேன்.

— வேண்டாம் சார்.

— அட, நீட்டும்மா. இதோ பாரு, பதினொண்ணு புள்ளி ஆறு. ஒரே நாள்ல இப்படி ஏறாது. நேத்து உன் பேர்ல டெஸ்டுக்கு ரத்தம் குடுத்தது யாரு?

— பதினொண்ணு ஆறா? எனக்கா? போன மாசம் ஒன்பதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்களே சார்! மாத்திரை முழுங்கினேன், இருந்தும் நம்பிக்கை வரல.

— கேட்டதுக்குப் பதில் சொல்லு.

— எங்க அக்கா. என் பேரைச் சொல்லிக் கையை நீட்டினா. 'நான் கல்லுமாதிரி இருக்கேன்டி, என் ரத்தத்தைக் காட்டிட்டு நீ வேலைக்குப் போ'ன்னா.

— அவங்களுக்கு மாசாமாசம் போக்கு அதிகமோ?

— பத்து நாள், பன்னெண்டு நாள் நிக்காது. வெளிய சொல்லாதேம்பா. அவதான் சார் ஐஸ் கடிப்பா. நாங்க கேலி பண்ணிச் சிரிப்போம்.

— போனைப் போடு. இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்து ரத்தம் ஏத்தணும்.

— அக்கா…

— சொல்லுடி. பாசாயிட்டியா?

— நீ எங்க இருக்க?

— லாண்டரியிலதான். ஈரப் போர்வை மூட்டையோட மாடி ஏறிட்டிருக்கேன். இரு… மூச்சு… வாங்குது. என் ரத்தத்தைப் பார்த்து அசந்துட்டாங்களா?

— மூட்டையைக் கீழ போடுக்கா. போட்டுட்டு அங்கயே உட்காரு, எந்திரிக்காத. நான் பாசாயிட்டேன்… நீதான் பெயிலு.