இடக்கைக்கு ஒரு ரைபிள்

இடக்கைக்காரன் ரைபிள் வாங்குவது எவ்வளவு சிரமம் என்று வலக்கைக்காரர்களுக்குப் புரியாது. நீங்கள் பேனா பிடித்திருப்பதைப் பார்த்தால் உங்களுக்கும் புரியாது என்றுதான் தோன்றுகிறது. போல்ட் ரைபிளில் ஒரு குண்டு சுட்டதும் கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும். அந்தக் கைப்பிடி எப்போதும் வலப்பக்கம்தான் இருக்கும். இடத்தோளில் வைத்துச் சுடுகிறவன் ஒவ்வொரு முறையும் துப்பாக்கிக்கு மேலாகக் கையைக் கொண்டுபோய்த் துழாவ வேண்டும். அவன் துழாவி முடிப்பதற்குள் மான் அடுத்த மேட்டைத் தாண்டியிருக்கும். இடப்பக்கம் கைப்பிடி வைத்துச் செய்து தருகிறவர்கள் உலகத்திலேயே நாலைந்து பேர்தான். எழுதிப் போட்டால் எட்டு மாதம் ஆகும், சில சமயம் ஒரு வருடம்.

என் பெயர் ஒகாபே மசாசுமி. வயது நாற்பத்தொன்பது. தனியாள். பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் எடுத்துவரும் டேங்கர் லாரி ஓட்டுகிறேன். இதெல்லாம் உங்கள் போலீஸ் கோப்பில் இருக்கும். முப்பத்தெட்டாவது வயதில் ஷாட்கன் உரிமம் வாங்கினேன். ஷாட்கன்னை ஒழுங்காகப் பத்து வருடம் வைத்திருந்தால்தான் ரைபிளுக்கு விண்ணப்பிக்கலாம் என்பது சட்டம். பண்ணைக்காரனுக்கு விலக்கு உண்டு, அவன் பயிரை மான் தின்கிறது. நான் அவன் பாலைச் சுமக்கிறவன். எனக்கு விலக்கு இல்லை. சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. பத்து வருடம் காத்திருந்தேன் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஹொக்கைடோவின் இந்தக் கிழக்குக் கோடியில் மான் சாலையில் நிற்கிறது, கரடி சோளக்கொல்லையில் படுத்திருக்கிறது. சிதறு ரவைக்குப் பதில் ஒற்றைக் குண்டு போட்ட, ஐம்பது மீட்டருக்கு மேல் நம்ப முடியாத ஷாட்கன்னோடு நான் பத்து இலையுதிர்காலங்கள் அலைந்தேன். இருநூறு மீட்டரில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் புல் மேய்ந்த மான்கள் எத்தனை என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பத்து வருடத்தையும் நான் வீணாக்கவில்லை. தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொகுனாகா அம்மாவின் துப்பாக்கிக் கடைக்குப் போவேன். கணவர் இறந்த பிறகு கடையை அவர்தான் நடத்துகிறார். வாய் நீளம், ஆனால் தொழில் தெரிந்தவர். த்ரீ நாட் எய்ட் தோட்டாவா, முந்நூறு மேக்னமா என்று முடிவு செய்ய எனக்கு மூன்று வருடம் ஆயிற்று. மானுக்கு முதலாவது தாராளம். கரடிக்கு இரண்டாவது நல்லது என்பார்கள். ஆனால் மேக்னம் தோளை உதைக்கும். உதைக்குப் பயந்தவன் விசையை அழுத்தும் கணத்தில் கண்ணை மூடிக்கொள்வான். கண்ணை மூடிக்கொண்டு எந்தத் தோட்டாவைச் சுட்டு என்ன பயன்? நான் த்ரீ நாட் எய்ட் போதும் என்று முடிவு செய்தேன். பிறகு குழலின் நீளம். நீளக் குழல் குண்டுக்கு வேகம் தரும், ஆனால் நம் காட்டின் குட்டை மூங்கில் புதரில் சிக்கும். பிறகு குழலைத் தாங்கித் தோளில் ஊன்றும் கட்டை. வால்நட் மரம் பார்க்க அழகு. ஈரப் பனியில் உப்பும், உப்பினால் குழலைத் தொடும், தொட்டால் குறி நகரும். நகர்ந்தது சுடுகிறவனுக்குத் தெரியவே தெரியாது. அதனால் மரம் வேண்டாம்.

"ஒகாபே-சான், பொண்ணு பாக்க வர்றவன்கூட மூணாவது சந்திப்புல சரின்னு சொல்லிடுறான். நீங்க இன்னும் எத்தனை வருஷம் தடவிப் பாத்துக்கிட்டே நிப்பீங்க?" என்று தொகுனாகா அம்மா கேட்பார்.

"பொண்ணு விஷயத்துல குறி தப்பினா பரவாயில்ல" என்று ஒரு தடவை சொன்னேன். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

கடைசியில் பின்லாந்து ரைபிள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். இடக்கைக்கானது. அது வந்து சேர்ந்த அன்று போல்ட்டை ஒருமுறை இழுத்துத் தள்ளினேன். கண்ணாடி மேல் கண்ணாடியை நகர்த்துவதுபோல இருந்தது. நம் ஜப்பானில் உரிமம் ஆளுக்கு இல்லை, அந்தந்தத் துப்பாக்கிக்கு. அதனால் அந்த ஒரு ரைபிளின் எண்ணைப் போட்டு விண்ணப்பித்தேன். உரிமம் வரும்வரை அது கடைப் பூட்டுப்பெட்டியில் என் பெயர்ச் சீட்டோடு இருக்கும். பால் எடுத்துத் திரும்பும் வழியில் லாரியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்துவிட்டு வருவேன்.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். அண்டை வீட்டில் விசாரித்தீர்கள், வேலை செய்கிற இடத்தில் விசாரித்தீர்கள், வேட்டைக்காரர் சங்கத்தில் விசாரித்தீர்கள். இரண்டு மாதம் கழித்து என்னைக் கூப்பிட்டு, இதே நாற்காலியில் உட்காரவைத்து, "ஒகாபே-சான், நீங்களே வாபஸ் வாங்கிக்கிட்டா எல்லாருக்கும் நல்லது" என்றீர்கள். மறுப்பு என்று ஒரு தாள் கொடுத்திருந்தால் மேல்முறையீடு செய்திருப்பேன். தாள் இல்லை. நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் இடக்கை எழுத்து அன்று நன்றாகவே வந்தது. நான் குரலை உயர்த்தவில்லை என்பதற்கு நீங்களே சாட்சி.

எனக்கு எதிராக உங்களிடம் யார் சொன்னது என்று நான் தேடவில்லை. அவரே சொன்னார்.

ஷிமோதே எய்ஜி எங்கள் கிளைச் சங்கத் தலைவர். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். வீடு கட்டும் வேலை. பத்து வருடமாக நானும் அவரும்தான் ஜோடியாகக் காட்டுக்குப் போவோம். அவரிடம் வலக்கை ரைபிள் இருக்கிறது, அப்பா காலத்துத் துப்பாக்கி, வால்நட் கட்டை. ஈரத்தில் அது உப்பும் என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

ஒரு நாள் மதியம் அவர் வண்டியில் உட்கார்ந்து சோற்று உருண்டை தின்றுகொண்டிருந்தோம். அவர் கையிலிருந்ததைப் பாதியில் வைத்துவிட்டார்.

"ஒகாபே, போலீஸ் என்கிட்ட வந்தப்ப நான்தான் சொன்னேன், கொஞ்ச காலம் போகட்டும்னு. வேற யார் வாயில இருந்தாவது நீ கேக்கக் கூடாதுல்ல, அதான் சொல்றேன்."

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"அந்தப் பெட்டை மானு. நினைவிருக்கா? விழுந்து, செத்து, கண்ணு வெளுத்துப்போச்சு. அதுக்கப்புறம் மூணு குண்டு போட்ட நீ. நான் நிறுத்துன்னு கத்துறேன், உனக்குக் கேக்கவே இல்ல."

"மூணு குண்டும் எவ்வளவு பக்கத்துல பக்கத்துல விழுதுன்னு பாத்தேன். காகிதத்துல பாக்குறதும் உடம்புல பாக்குறதும் ஒண்ணு இல்லயே."

"அதத்தான்யா சொல்றேன்" என்றார். "ரெண்டு வருஷம் பொறு. என்கூட வா, நிதானமா இரு. நானே வந்து உனக்காகப் பேசுறேன். சத்தியமா."

இரண்டு வருடம் என்பதை அவர் எவ்வளவு சுலபமாகச் சொன்னார் என்று யோசித்துப் பாருங்கள். அவர் முப்பது வருடமாக ரைபிள் வைத்திருப்பவர். பசித்திருப்பவனிடம், கொஞ்சம் பொறு என்று சாப்பிட்டுக்கொண்டே சொல்வதுபோல. நான் கோபப்படவில்லை. என் பங்கு உருண்டையைத் தின்று முடித்தேன். அவர் வைத்துவிட்ட பாதியையும், வீணாகிறதே என்று, தின்றேன். அடுத்த வாரம் தொகுனாகா அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "பெட்டியில அத எவ்வளவு நாள் வெச்சிருக்கட்டும்? குஷிரோவுல ஒரு இடக்கைக்காரர் விசாரிச்சாரு." அன்றுதான் எனக்கு ராத்தூக்கம் கெட்டது. என் தோளுக்கு அளந்து வரவழைத்தது அது.

அக்டோபர் கடைசியில், ஷுபெட்சு ஆற்றுக்கு மேல் உள்ள ஓடையில் மான் தடம் பார்க்கத் தனியாகப் போனேன். அங்கே மண்மேடு ஒன்றைக் கண்டேன். கரடி ஒரு மானை அடித்து, மண்ணும் மூங்கில் புல்லும் வாரிப் போட்டு மூடி வைத்திருந்தது. ஒரு குளம்பு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அப்படி மூடி வைத்த இரையை விட்டுக் கரடி தூரம் போகாது, கிட்டே வருகிறவனைச் சும்மா விடாது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். கண்டால் சங்கத்துக்குச் சொல்ல வேண்டும் என்பது விதி. அங்கே பதினொரு நிமிடம் நின்றேன் என்று என் போனிலிருக்கும் வேட்டை வரைபடம் காட்டுவதாகச் சொன்னீர்கள். சரியாகத்தான் இருக்கும். யோசித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து ஷிமோதேயும் நானும் போனோம். காலை எட்டு மணி, நல்ல வெளிச்சம். அவர் வழக்கம்போலக் கேட்டார்.

"மேல போய்ப் பாத்தியே, கரடித் தடம் ஏதாவது?"

"ஒண்ணும் இல்ல. மானுதான். நீங்க ஓடை வழியா எறங்கி வாங்க, நான் கீழ மேட்டுல நிக்கிறேன். உங்க பக்கமிருந்து கலைஞ்சு எங்கிட்ட வரும்."

"இன்னிக்கு உனக்குத்தான் நல்ல இடம்" என்று சிரித்தார். எனக்கு விட்டுக்கொடுப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. ரைபிள் விஷயத்தை அதில் சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்திருக்கலாம்.

ஷிமோதே விதி தவறாதவர். நடக்கும்போது துப்பாக்கிக்குள் தோட்டா ஏற்றக் கூடாது, நின்று, இலக்கைக் கண்ட பிறகுதான் ஏற்ற வேண்டும் என்று புதியவர்களுக்கு வகுப்பே எடுப்பார். அன்றும் போல்ட்டைத் திறந்துவைத்துக்கொண்டுதான் இறங்கினார். புதர் மார்பளவு. அவர் போல்ட்டைத் தள்ளி மூட இரண்டு வினாடி வேண்டும். கரடி அதைத் தரவில்லை.

என்ன நடந்தது என்று விவரமாகச் சொல்வதில் யாருக்கும் பயனில்லை. மருத்துவர் எழுதியிருப்பார். நான் துப்பாக்கியைத் தோளில் வைத்தேன். குறியில் கரடியின் முதுகு இருந்தது. என் துப்பாக்கியில் குண்டு ஏற்றியிருந்தது, நான் நின்ற இடத்தில் நிற்பவன் அல்லவா. அவர் முதலில் கத்தினார். பிறகு என் பெயரைக் கூப்பிட்டார். பெயரை மட்டும், மரியாதைக்குச் சான் சேர்க்காமல், எப்போதும் கூப்பிடுவதுபோல. நான் விசையில் விரலை வைத்தபடி இருந்தேன். இவ்வளவு தூரத்துக்கு ஷாட்கன் போதாது, பத்து வருடமாக இதைத்தானே சொல்கிறேன் என்று எனக்குள் ஓடியது. இரண்டு நிமிடம் இருக்கும். அவர் அசையாமல் போன பிறகு, வானத்தைப் பார்த்து ஒரு குண்டு சுட்டேன். கரடி ஓடிவிட்டது. அந்தச் சத்தமே போதுமாக இருந்தது.

இறுதிச் சடங்கில் அவர் மனைவி சயோகோ-சான் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "கடைசி நேரத்துல நீங்க பக்கத்துல இருந்தீங்க. அத நெனச்சுத்தான் மனசத் தேத்திக்கிறேன்" என்றார். ஆமாம் என்றேன். அது உண்மைதான்.

மூன்று வாரம் கழித்து மறுபடி விண்ணப்பித்தேன். ரைபிள் எதற்குத் தேவை என்ற கட்டத்தில், கரடியிடமிருந்து சக வேட்டைக்காரரைக் காப்பாற்ற, சமீபத்தில் ஏற்பட்ட உயிரிழப்பின் காரணமாக, என்று எழுதினேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அதைப் படித்த பிறகுதான் நீங்கள் என்னை மறுபடியும் காட்டுக்குக் கூட்டிப்போய், எங்கே நின்றீர்கள், காட்டுங்கள் என்றீர்கள். எண்பது மீட்டர் என்றேன். எனக்கு அப்படித்தான் இருந்தது. போனை நானே எடுத்துக் கொடுத்தேன். மறைப்பவன் கொடுப்பானா?

இப்போது முப்பத்திரண்டு மீட்டர் என்கிறீர்கள். ஜூலை மாதம் சங்கப் போட்டியில் ஐம்பது மீட்டரில் ஐந்து குண்டையும் ஒரு தேநீர்க் கிண்ண அளவில் போட்டவன் நான் என்கிறீர்கள். வெற்றிக் கோப்பையை எனக்குக் கொடுத்ததே ஷிமோதே என்கிறீர்கள். எல்லாம் சரி. மண்மேடு இருந்தது தெரிந்தே அவரை ஓடை வழியாக அனுப்பினேன். சுட முடிந்தும் சுடவில்லை. கொன்றது நான்தான் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒன்றை விட்டுவிடாமல் சேர்த்து எழுத வேண்டும். நீங்கள் அந்த ரைபிளை எனக்குக் கொடுத்திருந்தால், நான் அவரைக் காப்பாற்றியிருப்பேன்.