வண்டலில் வாடிய ஆல்

ஈசுவர வருஷம், சித்திரை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அலங்காநல்லூரிலிருந்து மதுரைக்கு வரும் பஸ். எனக்கு முன் இருக்கையில் கோட்டணிந்து தோளில் துண்டு போட்ட ஒருவர் மடியில் பீங்கான் தட்டு; அதில் முழ உயரத்தில் ஓர் ஆலமரம். அவர் பக்கத்தில் சட்டி பானை விற்கும் அம்மாள்.

"இதுக்குப் பதினெட்டு வயசுக்கா. பினாங்குலருந்து மச்சான் கொண்டாந்து குடுத்தாரு."

"பதினெட்டுக்கு இம்புட்டுத்தானா? கஞ்சி ஊத்தலையா?"

"வெள்ளிக்கிழமை இதைப் பார்க்க வாராரு. இலையெல்லாம் கொட்டுது. நல்ல சத்துன்னு கண்மாய் வண்டலத்தான் போட்டேன்."

"வண்டல் வயலுக்குப்பா. தட்டுல போட்டா நம்ம வெயிலுக்கு ஓடு மாதிரி இறுகிரும். வேரு வெந்துரும். உடைஞ்ச சட்டிய இடிச்சு, தூசியச் சலிச்சு எறிஞ்சிட்டு, வைகைப் பருமணலோட கலந்து போடு. வண்டல் ஒரு கைப்பிடி போதும்."

"பொழைக்குமாக்கா?"

அம்மாள் மரப்பட்டையை நகத்தால் கீறினார். "உள்ள பச்சை இருக்கு. பொழைச்சுக்கும்."

"உடைஞ்ச சட்டிக்கு இப்ப எங்க போறது?"

அந்த அம்மாள் தம் கூடைக்குள் கைவிட்டு, ஒவ்வொரு சட்டியாக விரலால் தட்டிக் கேட்டார். கணீரென்று ஒலிக்காத ஒன்றை வெளியே எடுத்தார்.

"இத எவளும் வாங்க மாட்டா. துண்ட விரி."

இருக்கைக் கம்பியில் ஓங்கி ஒரே அடி.