சாருலதா அனுப்பச் சொன்ன படம்

என் பெயர் அய்யாதுரை. தகப்பனார் பெயர் வைரவன். வயது முப்பத்தெட்டு. சொந்த ஊர் கோவில்பட்டி பக்கம். தற்போது ராயப்பேட்டையில் குடியிருந்துகொண்டு, மயிலாப்பூரில் மாட வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் வைரம் ஸ்டுடியோ என்ற பெயரில் போட்டோ கடை நடத்தி வருகிறேன். 1999 ஆகஸ்ட் மாதம் இன்றைய தேதியில், யாரும் கூப்பிடாமல் நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து, தலைமைக் காவலர் நூர் முஹம்மது எழுதிக்கொள்ள, இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன்.

எழுத உட்காரும்போது தலைமைக் காவலர் என்னிடம், "அந்த மனுதான் முடிஞ்சி போச்சே, இன்னாத்துக்குய்யா இப்போ வாக்குமூலம்?" என்று கேட்டார். நான் பொய் சொன்னதால்தான் மனு முடிந்தது என்று சொன்னேன். அதன் பிறகு அவர் பேனாவை எடுத்தார்.

எங்கள் கடையில் என் தகப்பனார் காலத்தில் அவர் நெகட்டிவ் மேல் பென்சில் வைத்து அம்மைத் தழும்பு, பரு இவற்றையெல்லாம் மறைப்பார். போன வருடம் நான் கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் வாங்கினேன். அந்தச் சந்தில் முதலில் வாங்கியது நான்தான் என்ற கர்வம் எனக்கு இருந்தது, இப்போது அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. மயிலாப்பூரில் பாதி வீட்டு வரன்கள் அமெரிக்காவில்தான் இருக்கிறார்கள். ஜாதகம் பொருந்திவிட்டால் பெண் போட்டோவை உடனே அனுப்பச் சொல்வார்கள். நான் போட்டோவை ஸ்கேன் செய்து, அப்படியே அனுப்பினால் டெலிபோன் லைன் தாங்காது என்பதால் அளவைச் சுருக்கி, கொஞ்சம் வெளிச்சம் கூட்டி, கடையின் ஈமெயில் முகவரியிலிருந்து அனுப்பி வைப்பேன். பதில் வந்தால் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பேன். பெரும்பாலான வீடுகளில் ஈமெயில் கிடையாது. ஆகவே என் கடையை நம்பித்தான் வந்தார்கள்.

இந்த ஏப்ரலில் சூடாமணி மாமி என்பவர் தன் மகள் சாருலதாவை அழைத்துக்கொண்டு, அமெரிக்க வரன் ஒருவருக்குப் போட்டோ அனுப்பக் கடைக்கு வந்தார். அந்தப் பெண் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறார். பட்டுப்புடவை கட்டி வந்திருந்தார். இடது காதுக்குக் கீழே கழுத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெள்ளைப் புள்ளி இருந்தது. முடியை முன்னால் விட்டு எடுத்தால் தெரியாது என்று நான் யோசனை சொன்னேன். அந்தப் பெண் முடியைப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். அப்படியே எடுத்தேன். அதன் பிறகு மாமி என்னைத் தனியே கூப்பிட்டு, "அந்த எடத்தை மட்டும் சரி பண்ணிடுங்கோ. நேர்ல வரச்சே நாங்களே பக்குவமா சொல்லிக்கறோம்" என்றார். சரி என்றேன்.

மறுநாள் இருவரும் படத்தைக் கம்ப்யூட்டரில் பார்க்க வந்தார்கள். கழுத்தில் பக்கத்துத் தோலின் நிறத்தை எடுத்துப் புள்ளியின் மேல் வைத்து, நிழலையும் சேர்த்திருந்தேன். மாமி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்கு அருகே போய்ப் பார்த்து, எங்கே இருந்தது என்று அவருக்கே தெரியவில்லை என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதன் பிறகு மாமி பூ வாங்கக் கீழே இறங்கினார். அந்த நேரத்தில் சாருலதா என்னிடம், "தொடாத படத்தையும் அவருக்கு அனுப்பிடுங்கோ. பார்த்துட்டு அவர் என்ன வேணாலும் சொல்லட்டும். அம்மாவுக்கு மட்டும் இப்போ தெரிய வேண்டாம்" என்றார். அதற்கும் சரி என்றுதான் சொன்னேன்.

அன்று சாயங்காலம் சரி செய்த படத்தை அனுப்பினேன். லைன் அறுந்து அறுந்து, கடைசியில் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு தொடாத படத்தையும் அதே அளவுக்குச் சுருக்கித் தயார் செய்தேன். ஆனால் அனுப்பவில்லை. லைன் கிடைக்காதது காரணம் இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நான் செய்த வேலை தெரிந்துவிடும், இவ்வளவு நன்றாக வந்த வேலையை நானே எதற்குக் கெடுக்க வேண்டும் என்று தோன்றியது. மாமி காதுக்குப் போனால் மாட வீதி முழுக்கப் பெயர் கெடும் என்ற பயமும் இருந்தது. ஆனால் முதலில் தோன்றியது வேலையைப் பற்றித்தான்.

அதே வாரத்தில் இண்டர்நெட்டில் இலவசமாகக் கிடைத்த இடத்தில் என் கடைக்கு ஒரு பக்கம் போட்டேன். எங்கள் தொழிலில், நன்றாக வந்த படத்தைப் பெரிதாக்கி வாசல் ஷோகேஸில் வைப்பது எப்போதும் உள்ள பழக்கம். யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. சொல்லப்போனால், தன் பெண் படம் ஷோகேஸில் இருக்கிறது என்று சொந்தக்காரர்களைக் கூட்டி வந்து காட்டும் வீடுகள்தான் அதிகம். இதுவும் ஒரு ஷோகேஸ்தானே என்று நினைத்தேன். தெருவில் போகிறவர்கள் பார்ப்பது போலக்கூட இல்லை, மயிலாப்பூரில் யார் இண்டர்நெட் பார்க்கப் போகிறார்கள் என்றும் நினைத்தேன். சாருலதாவின் தொடாத படத்தையும் தொட்ட படத்தையும் ஜோடியாகப் போட்டு, மேலே முன், பின் என்று எழுதினேன். அனுப்பாமல் வைத்திருந்த படம் அதற்கு உதவியது. அதன் பிறகு கடையிலிருந்து போகும் ஒவ்வொரு ஈமெயிலுக்கும் அடியில் அந்தப் பக்கத்தின் முகவரியைச் சேர்த்துவிட்டேன். விளம்பரம் ஆகட்டும் என்றுதான் செய்தேன்.

சில நாளில் மாப்பிள்ளை சாய்நாத்திடமிருந்து, போட்டோ கிடைத்தது, பிடித்திருக்கிறது, மேற்கொண்டு பேசலாம் என்று பதில் வந்தது. பிரிண்ட் எடுத்து வைத்தேன். சாருலதாதான் வாங்க வந்தார். படித்துவிட்டு, "ரெண்டையும் அனுப்பிட்டேளா?" என்று கேட்டார். நான், "போயிருச்சும்மா, நல்லாப் போயிருச்சு" என்றேன். அவர் அந்தக் காகிதத்தை மடிக்காமல் கையில் பிடித்தபடியே படி இறங்கிப் போனார்.

அதன் பிறகு சாய்நாத் வாரா வாரம் போன் பேசியிருக்கிறார். ஜூன் மாதம் சாருலதா அவருக்கு அனுப்ப இன்னொரு படம் எடுக்க வந்தார். வெளிச்சம் பார்த்துக்கொண்டிருந்தபோது அவராகவே, "இத்தனை நாள்ல அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலை அவர். எவ்வளவு பெரிய மனசு, இல்லையா?" என்றார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். கடையில் வேறு யாரும் இல்லை. நான், "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டு முகத்தைக் கேமரா பக்கம் திருப்பிக்கொண்டேன். அந்தப் படத்தையும் கழுத்தைச் சரி செய்துதான் அனுப்பினேன்.

நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்த பிறகு, சாய்நாத் நான் ஜூனில் அனுப்பிய ஈமெயிலுக்கு அடியில் இருந்த முகவரிக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். அசோக் நகரில் இருக்கும் அவருடைய தகப்பனார் ஸ்ரீரங்கன், முன், பின் என்று போட்ட அந்தப் பக்கத்தைக் கலர் பிரிண்ட் எடுத்துக்கொண்டு பெண் வீட்டுக்கு வந்து, மோசம் பண்ணிவிட்டீர்கள் என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். கல்யாணம் நின்றது. அந்தப் பெண், தான் தொடாத படத்தையும் அனுப்பச் சொன்னதாகவும், போய்விட்டது என்று கடைக்காரரே சொன்னதாகவும் சொல்லியிருக்கிறார். வந்து சேரவே இல்லையே என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பெண்தான் பொய் சொல்கிறார் என்றே எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

அதன் பிறகு பெண்ணின் தகப்பனார் வெங்கடரமணன், கேட்காமல் படத்தை இண்டர்நெட்டில் போட்டதற்காக என் பேரில் இந்த ஸ்டேஷனில் மனு கொடுத்தார். விசாரணைக்கு நானும், அவரும், மாமியும், சாருலதாவும், ஸ்ரீரங்கனும் வந்திருந்தோம். உதவி ஆய்வாளர் என்னைப் பார்த்து, இந்தப் பெண் தொடாத படத்தை அனுப்பச் சொன்னதா என்று நேராகக் கேட்டார். ஆமாம் என்றால் ஏன் அனுப்பவில்லை என்று அடுத்து கேட்பார் என்று எனக்குத் தெரியும். மாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான், "இல்ல சார், அப்படி எதுவும் சொல்லல" என்றேன். சாருலதா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவருடைய தகப்பனார், "வாயை மூடு" என்றார். விஷயம் வெளியே போக வேண்டாம் என்று வெங்கடரமணன் மனுவைத் திரும்பப் பெற்றார். நான் கையெழுத்துப் போட்டுவிட்டு, தப்பித்தோம் என்று ஒரு டீ குடித்துவிட்டுக் கடைக்குப் போனேன்.

அந்த இண்டர்நெட் பக்கத்தை எடுத்துவிட்டேன். ஆனால் அதன் பிறகு கடையில் எந்தப் பெண் ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாலும் எனக்கு வேலை ஓடவில்லை. நேற்று மாலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். சாருலதா கேட் வரை வந்தார், கேட்டைத் திறக்கவில்லை. நான் செய்ததையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? நான் பொய் சொல்லலைன்னு எனக்குத் தெரியுமே. தெரியாதவா கிட்ட போய்ச் சொல்லுங்கோ" என்றார். அந்த இடத்தில் இனிமேல் கல்யாணம் பேசினாலும் தனக்கு வேண்டாம் என்றும், வீட்டில் அப்பா தன்னோடு பேசுவதில்லை என்றும் சொன்னார். அதன் பிறகு உள்ளே போய்விட்டார்.

பொய்யை எங்கே சொன்னேனோ அங்கேயே உண்மையைச் சொல்ல வேண்டும் என்று இன்று இங்கே வந்தேன். நான் கேட்டுக்கொண்டதன் பேரில் தலைமைக் காவலர் போன் செய்ய, வெங்கடரமணன் ஆட்டோவில் வந்தார். இதுவரை எழுதியதை அவர் முன்னால் படித்துக் காட்டினார்கள். பெஞ்சில் உட்காரச் சொன்னதற்கு அவர் உட்காரவில்லை. படித்து முடித்ததும் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. தலைமைக் காவலரைப் பார்த்து, "கொழந்தை நெஜத்தைத்தான் சொல்லிருக்கா. நான்தான் கேக்கலை. அதையும் எழுதிக்கோங்கோ" என்றார்.

தலைமைக் காவலர், "அவரு வாக்குமூலத்துல உங்க பேச்ச எப்டி சார் எழுதறது?" என்றார். என் வாக்குமூலம்தானே, நான் கேட்டதைத்தானே சொல்கிறேன், எழுதுங்கள் என்று நான் சொன்னேன். எழுதிக்கொண்டார். என் பேரில் என்ன நடவடிக்கை எடுத்தாலும் கட்டுப்படுகிறேன். இதன் நகலை அசோக் நகருக்கு எடுத்துப் போய் ஸ்ரீரங்கனிடம் நானே படித்துக் காட்டுவேன்.

சாருலதா சொன்னது அத்தனையும் உண்மை. இதே ஸ்டேஷனில் போன முறை நான் சொன்னது பொய். இன்று சொல்லியிருப்பது நடந்தது நடந்தபடி. யாரும் மிரட்டவில்லை, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. படிக்கக் கேட்டேன், சரியாக இருக்கிறது.

(ஒப்பம்) வை. அய்யாதுரை

சாட்சி: (ஒப்பம்) வெங்கடரமணன், சாருலதாவின் தகப்பனார்